வாசலில் சிமெண்ட் போடலாமா? – பழைய மூணாறு கதை

போன ஞாயிற்றுக்கிழமை தம்பி ஊரிலிருந்து ஃபோன் பண்ணினான்.

"அண்ணே, வாசல் முழுக்க இன்டர்லாக் கட்டை போட்டுடலாம்னு இருக்கேன். முன்னாடி மதில் கட்டி ஒரு கேட்டும் வச்சா ரெண்டு கார் நிறுத்தலாம். மாடி ரூம் ரெண்டையும் ஹோம்ஸ்டேயா விடலாம். பார்க்கிங் இல்லேன்னா எவனும் வர மாட்டேங்கறான். நீங்க பாதி போட முடியுமா?"

கேட்டது நியாயமான கேள்விதான். ஆனால் நான் பேங்க்காரன். யார் கடன் கேட்டாலும் முதலில் பழைய கணக்கைப் புரட்டிப் பார்க்கிற ஜாதி. அதனால் "ரெண்டு நாள் டைம் குடுடா" என்று சொல்லிவிட்டு, அந்த வாசலின் பழைய கணக்கைப் புரட்டினேன். புரட்டப் புரட்ட நூறு வருஷத்துக்குப் பின்னால் போய்விட்டது. அதைத்தான் இங்கே எழுதி வைக்கிறேன். கொஞ்சம் நீளமான பதிவு. டீ போட்டுக்கொண்டு வந்து உட்காருங்கள் (கண்ணன் தேவனாக இருந்தால் உத்தமம்).

எங்கள் வீடு இருப்பது இடுக்கி மாவட்டம், பழைய மூணாறில். நல்லதண்ணி, குண்டளை, முதிரப்புழை என்று மூன்று ஆறும் சேருகிற ஊர் என்பதால்தான் மூணாறு. பேரிலேயே எச்சரிக்கை இருக்கிறது. மூன்று ஆற்றுத் தண்ணீரும் சேர்ந்து இறங்குகிற பள்ளத்தில்தான் பழைய மூணாறு. அங்கே ஆற்றோரமாக நாலு செண்ட் நிலம், அதில் எழுநூறு சதுர அடி வீடு, மிச்சம் ஆயிரம் சதுர அடி வாசல். நாங்கள் வாசல் என்போம், மலையாளத்தில் முற்றம். அப்பா ஓய்வு பெற்றபோது வந்த பணத்தில் வாங்கியது.

ஏன் ஆற்றோரத்தில் போய் வாங்கினார் என்று கேட்டால், அதற்கு 1877-லிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

அந்த வருஷம்தான் ஜான் டேனியல் மன்றோ என்கிற வெள்ளைக்காரர் பூஞ்ஞாறு ராஜாவிடமிருந்து கண்ணன் தேவன் மலைகளைக் குத்தகைக்கு எடுத்தார். சின்கோனா, காபி என்று என்னென்னவோ நட்டுப் பார்த்து, கடைசியில் தேயிலை நிலைத்தது. 1897-ல் கண்ணன் தேவன் ஹில்ஸ் புரொட்யூஸ் கம்பெனி உருவானது. தேயிலைக்கு ஆள் வேண்டுமே? திருநெல்வேலி, மதுரை, ராமநாதபுரம் பக்கத்துக் கரிசல் காட்டிலிருந்து கங்காணிகள் ஆள் கூட்டி வந்தார்கள். போடியிலிருந்து மலையேறி வந்த அந்தக் கூட்டத்தில் என் கொள்ளுத்தாத்தாவும் ஒருவர். கயத்தாறு பக்கம். மழையையே ஒழுங்காகப் பார்த்திராதவர், மழை நிற்காத ஊருக்கு வந்து சேர்ந்தார்.

மலையில் யார் எங்கே குடியிருந்தார்கள் என்பதைக் கவனித்தால் ஒரு விஷயம் புரியும். துரைமார் பங்களாக்கள் பெரும்பாலும் மேட்டில், மலைத் தோளில் இருக்கும். முன்னால் வழித்து வைத்தது மாதிரி புல்தரை, ஓரத்தில் ஹைட்ராஞ்சியா, டேலியா, ரோஜா. பார்த்துக்கொள்ளத் தனியாகத் தோட்டக்காரர் உண்டு. 1910-ல் கட்ட ஆரம்பித்த கிறைஸ்ட் சர்ச்சும் மேட்டில்தான். தொழிலாளி குடியிருக்கிற லயம் தண்ணீர் வசதி பார்த்து, கொஞ்சம் சமதளம் பார்த்து, பல இடங்களில் ஓடைக்குப் பக்கத்தில். கடைத்தெரு ஆற்றோரத்தில்.

லயத்துக்கு முன்னாலும் வாசல் உண்டு. அகலம் ஒரு ஆள் படுக்கிற அளவு. அதற்குள் செவ்வந்தி, சௌசௌ பந்தல், ஒரு மரத்தக்காளி, கொஞ்சம் பீன்ஸ், கோஸ். காலையில் பெரட்டுக்குப் போவதற்கு முன் சாணி தெளித்துக் கோலம். மேலே பங்களா வாசலை அழகாக வைத்திருந்ததும், கீழே இந்த வாசலை வைத்திருந்ததும் ஒரே கைகள்தான்.

சரி, 1924-க்கு வருவோம்.

அன்றைய மூணாறு சாதாரண ஊர் இல்லை. ரயில் ஓடிய ஊர்! 1902-ல் ஒற்றைத் தண்டவாளத்தில் மாடு இழுக்கிற வண்டியாக ஆரம்பித்து, 1908-ல் இரண்டடி அகலக் குட்டி ரயிலாக மாறிய குண்டளை வேலி ரயில்வே. மூணாறிலிருந்து மாட்டுப்பெட்டி, குண்டளை வழியாக டாப் ஸ்டேஷன் வரை போகும். அங்கிருந்து ரோப்வேயில் தேயிலைப் பெட்டிகள் கீழே கொட்டகுடிக்கு இறங்கும். அப்புறம் போடி. டாப் ஸ்டேஷன் என்று இன்றைக்கும் டூரிஸ்ட் பஸ் போகிறதே, அந்த ஸ்டேஷன் இதுதான்.

1924 ஜூலை நடுவில் மழை பிடித்தது. மலையாள வருஷம் 1099. அதனால் கேரளம் முழுக்க "தொண்ணூற்றொன்பது வெள்ளம்" என்றுதான் பேர். மூன்று வாரம் விட்டு விட்டுப் பெய்தது. அந்த ஜூலையில் மட்டும் மூணாறில் 485 சென்டிமீட்டர் என்பது எல்லோரும் எடுத்துச் சொல்கிற கணக்கு. சென்னையில் மூன்று வருஷத்துக்குப் பெய்வதை விடவும் அதிகம்.

மழை மட்டும் என்றால் ஊர் தப்பியிருக்கலாம். மலைச்சரிவுகள் இடிந்து, மண்ணும் மரமும் பாறையும் மாட்டுப்பெட்டியில் இரண்டு மலைக்கு நடுவே அடைத்துக்கொண்டு, தானாகவே ஒரு அணை உண்டாகிவிட்டது என்பார்கள். பின்னால் தண்ணீர் ஏறிக்கொண்டே போனது. ஒரு கட்டத்தில் அது உடைந்தது. உடைந்த தண்ணீர் நேராக மூணாறுக்கு வந்தது. தண்டவாளம், ஸ்டேஷன், பாலங்கள், ஆற்றோரக் கடைகள் எல்லாம் போயின. ரயிலை மறுபடி கட்டவே இல்லை. ஆலுவாயிலிருந்து பூயம்குட்டி, மாங்குளம் வழியாக வந்த பழைய சாலையும் மலை இடிந்து அழிந்தது. அதற்குப் பதிலாகத்தான் நேரியமங்கலம் வழியாகப் புதுச் சாலை போட்டார்கள். 1935-ல் திறந்த நேரியமங்கலம் பாலத்தைத் தாண்டித்தான் இன்றைக்கும் எல்லோரும் மூணாறு ஏறுகிறார்கள்.

எங்கள் பாட்டி, அவருடைய மாமியார் சொன்னதாக ஒன்று சொல்வார். வெள்ளம் வடிந்த பிறகு லயத்து வாசலில் முழங்கால் உயரத்துக்குச் சேறு. அரிசி வர வழி இல்லை. பாதிப் பேர் பிள்ளைகளைத் தோளில் போட்டுக்கொண்டு மலையிறங்கிப் போடிக்கு நடந்தார்களாம். இருந்தவர்கள் முதலில் செய்த வேலை, சேறு காய்ந்து இறுகுவதற்குள் அதை வழித்துக் கான் வெட்டியது.

கான் என்றால் எஸ்டேட் தமிழில் வடிகால். இந்த இடத்தில் கொஞ்சம் நிற்கிறேன். ஏனென்றால் விஷயமே இங்கேதான் இருக்கிறது.

தேயிலைத் தோட்டம் மலைச்சரிவில் இருப்பது. மழைத் தண்ணீரை அப்படியே ஓடவிட்டால் மேல்மண் முழுக்கப் போய்விடும். அதனால் சரிவுக்குக் குறுக்கே, லேசான வாட்டத்தோடு கான் வெட்டுவார்கள். அந்தக் கானுக்குள்ளேயே கொஞ்ச தூரத்துக்கு ஒரு இடத்தில் மண்ணை வெட்டாமல் தடுப்பாக விட்டுவிடுவார்கள். அந்தத் தடுப்பு கானின் மேல் விளிம்பை விடத் தாழ்வாக இருக்கும். மழை வந்தால் தடுப்புக்குத் தடுப்பு தண்ணீர் தேங்கி நிற்கும். வண்டல் அடியில் படியும், கொஞ்சம் தண்ணீர் நிலத்துக்குள் இறங்கும். மிச்சம் தடுப்பைத் தாண்டி வழிந்து அடுத்த குழிக்குப் போகும். இங்கிலீஷில் இதற்கு 'லாக் அண்ட் ஸ்பில்' என்று பேர். வெறும் மண்ணாக எங்கேயும் விடமாட்டார்கள். செடி பிடுங்கிய இடத்தில் கௌதமாலா புல் நடுவார்கள். புதுச் செடிக்கு நடுவே வெட்டிய தழையைப் பரப்புவார்கள்.

தண்ணீரைத் தடுக்கப் பார்க்காமல் மெதுவாக்கி அனுப்புகிற இந்த வித்தையைத் திட்டம் போட்டு எழுதி வைத்தது துரைமார். மண்வெட்டி பிடித்தது நம் ஆட்கள். நாலு தலைமுறை கான் வெட்டியதில் அது கையிலேயே ஊறிவிட்டது.

நிற்க. வெள்ளத்துக்குப் பிறகு ஊர் என்ன பாடம் படித்தது? கம்பெனி மறுபடி கட்டிக்கொண்டது. 1940-ல் பள்ளிவாசல் மின்திட்டம் வந்தது, அதற்குத் தண்ணீர் திருப்பிவிட பழைய மூணாறுக்குக் கொஞ்சம் கீழே ஹெட்வொர்க்ஸ் அணை. 1950-களில் அதே மாட்டுப்பெட்டியில் நிஜ அணை. அணை வந்துவிட்டது என்றதும் ஆற்றோரம் பயமில்லாத இடம் மாதிரி தோன்ற ஆரம்பித்தது. மனுஷ மனசுதானே.

1951-ல் தோட்டத் தொழிலாளர் சட்டம் வந்து, வீடு கொடுப்பது முதலாளியின் கடமை என்றானது. நல்ல சட்டம். ஆனால் அந்த வீடு வேலை இருக்கிற வரைக்கும்தான். ஐம்பத்தெட்டில் ஓய்வு என்றால் லயத்தைக் காலி செய்ய வேண்டும். மூன்று தலைமுறை அங்கேயே பிறந்து வளர்ந்தவனுக்கு ஒரு செண்ட் சொந்த நிலம் கிடையாது. 1971-ல் கண்ணன் தேவன் மலை நிலங்களை அரசு திரும்ப எடுத்துக்கொள்கிற சட்டம் வந்தது. நிலமில்லாதவர்களுக்குக் கொடுப்பதும் அதன் நோக்கங்களில் ஒன்று. கிடைத்தவர்களும் உண்டு. காத்திருந்தே போனவர்கள்தான் அதிகம்.

அப்படி ஓய்வு பெற்றவன் என்ன செய்வான்? ஒன்று, தாத்தாவின் ஊருக்கே போவான். அங்கே அவனை யாருக்கும் தெரியாது. இல்லையென்றால் கையில் இருக்கிற காசுக்கு எங்கே நிலம் மலிவோ அங்கே வாங்குவான். மூணாறில் மேட்டு நிலம் கம்பெனியிடமும் அரசிடமும் இருக்கிறது. மிச்சம் இருப்பதில் நல்லதை ரிசார்ட்காரர்கள் வாங்கிக்கொள்கிறார்கள். மலிவாகக் கிடைப்பது ஆற்றோரம். அப்பா தெரியாமல் போய் ஆற்றோரத்தில் விழவில்லை. அவருக்கு வாய்த்தது அதுதான்.

ஆனால் அவர் சும்மா இருக்கவில்லை. வீட்டின் அஸ்திவாரத்தைத் தரைக்கு மேலே மூன்றடி உயர்த்தினார். மேஸ்திரியே சிரித்தாராம். ஆற்றுப் பக்கம் மதில் வைக்கவில்லை. செம்பருத்தி வேலி மட்டும். வாசலில் ஒரு பொட்டு சிமெண்ட் இல்லை. கீக்குயு புல்லைக் கொண்டுவந்து நட்டார் (பங்களா புல்தரைப் புல்தான், வேர் மண்ணை இரும்பு மாதிரி பிடித்துக்கொள்ளும்). ஈரமான மூலையில் சேம்பும் கல்வாழையும். வீட்டைச் சுற்றி ஒரு கான், அதற்குள் தடுப்புகள், அதாவது தேயிலைக் காட்டுக் கானின் சின்னப் பதிப்பு. ஒவ்வொரு மே மாதமும், எடவப்பாதி மழை தொடங்குவதற்கு முன், என்னையும் தம்பியையும் மண்வெட்டியோடு இறக்கிவிடுவார். படிந்த வண்டலை அள்ளி சௌசௌ பந்தலுக்கு அடியில் போட வேண்டும். பி.காம். பரீட்சை முடிந்த கையோடு கான் வாரியது இன்னும் முதுகில் ஞாபகம் இருக்கிறது.

2018 ஆகஸ்டில் அந்த வாசலுக்குப் பரீட்சை வந்தது. இடுக்கியில் செறுதோணி அணையை 26 வருஷத்துக்குப் பிறகு திறந்தார்கள். மாட்டுப்பெட்டியும் திறந்தது. மூணாறு பல நாள் வெளியுலகத்திலிருந்து துண்டானது. பெரியவரைப் பாலம் இடிந்தது. பதிலுக்குப் போட்ட தற்காலிகப் பாலமும் அடுத்த வருஷ மழையில் போனது. பழைய மூணாறில் ஆறு எல்லா வாசலுக்குள்ளும் ஏறியது. எங்கள் வாசலில் இடுப்பளவு. வீட்டுக்குள் கணுக்கால் அளவு. இரண்டாம் நாள் சாயங்காலம் ஆறு இறங்கியபோது, வந்த வழியாகவே வேலியின் சந்துகளில் தண்ணீர் வெளியேறிவிட்டது. புல்மேல் ஒரு சாண் வண்டல் மட்டும் மிச்சம்.

பக்கத்து வீட்டில் சுற்றிலும் மதில், உள்ளே முழுக்கத் தரை ஓடு. ஆறு இறங்கிய பிறகும் உள்ளே தண்ணீர் தொட்டி மாதிரி நின்றது. வெளியே தண்ணீர் இல்லை, உள்ளே நாலடி. அந்தப் பாரத்தில் மதில் வெளிப்பக்கமாகச் சாய்ந்து விழுந்தது. யாருக்கும் அடிபடவில்லை, புண்ணியம்.

இங்கே ஒன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். அப்பாவின் வாசல் வெள்ளத்தைத் தடுக்கவில்லை. தடுக்கவும் முடியாது. மண் ஏற்கெனவே ஊறிப் போயிருக்கும்போது புல்தரை குடிக்கிற தண்ணீர் ஆற்றுக்கு ஒரு சொட்டு. அவர் செய்ததெல்லாம் வந்த தண்ணீர் சேதமில்லாமல் திரும்பிப் போக வழி விட்டதுதான்.

வாசல் எவ்வளவுதான் நன்றாக இருந்தாலும் உதவாத இடமும் உண்டு. 2020 ஆகஸ்ட் 6, ராஜமலைக்கு அடுத்த பெட்டிமுடி. அன்று ஒரே நாளில் அறுநூறு மில்லிமீட்டர் அளவுக்கு மழை. இரவு பத்தரைக்கு மேல், எல்லோரும் படுத்த பிறகு, வெகு மேலே மலையில் கிளம்பிய மண்ணும் பாறையும் ஓடை வழியாக இறங்கி நாலு லயத்தை மூடியது. கரண்டும் ஃபோனும் இல்லாததால் வெளியே தெரியவே காலையாகிவிட்டது. எழுபது பேர். நாலு பேர் உடல் கிடைக்கவே இல்லை. இறந்தவர்களில் பலருடைய பூர்வீகம் கயத்தாறு. எங்கள் ஊர். அந்த லயங்களின் முன்னாலும் செவ்வந்தியும் பீன்ஸும் இருந்திருக்கும், கோலம் போட்டிருப்பார்கள். பிழைத்த எட்டுக் குடும்பங்களுக்கு 2021-ல் குட்டியார் வேலியில் சொந்த வீடு கொடுத்தார்கள். சொந்த மண்ணில் வீடு கிடைக்க அவர்கள் கொடுத்த விலையை எந்தக் கணக்கில் எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை.

இந்த இடத்தில் நான் இருக்கிற ஊரையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதுவும் ஆற்று ஊர். பிரிஸ்பேன். இங்கே நகர நடுவில் இருக்கிற ஆற்று அளவுகோலில் 1893-ல் 8.35 மீட்டர், 1974-ல் 5.45 மீட்டர் ஏறியது. அதன் பிறகு வைவன்ஹோ அணை கட்டினார்கள், 1980-களில் முடிந்தது. இனி வெள்ளமே வராது என்று நம்பி ஆற்றோரத்தில் வீடு வீடாகக் கட்டினார்கள். 2011-ல் 4.46, 2022-ல் 3.85. ஹெட்வொர்க்ஸ் அணையை நம்பிய எங்கள் ஊர்க்காரர்களைப் பார்த்துச் சிரிக்க வெள்ளைக்காரருக்கும் யோக்கியதை இல்லை!

வித்தியாசம் ஒன்று உண்டு. இங்கே எந்த வீட்டு விலாசம் கொடுத்தாலும், அந்த மனைக்கு வெள்ளம் எவ்வளவு தூரம் வரும் என்று நகர கவுன்சில் இலவசமாகச் சொல்லிவிடும். வீட்டுக் கடன் ஃபைலில் நான் முதலில் பார்ப்பது அதைத்தான். 2022-க்குப் பிறகு அடிக்கடி மூழ்குகிற வீடுகளை, விற்கச் சம்மதித்தவர்களிடமிருந்து அரசே வாங்கி, இடித்து, அந்த மனைகளைக் கட்டடம் வராத பசும்பரப்பாக ஒதுக்கியது. அப்பாவுக்கு விலாசம் கொடுத்துக் கேட்கவும் வழியில்லை, விற்றுவிட்டு மேட்டுக்குப் போகவும் வழியில்லை.

இன்னொரு வேடிக்கை. எங்கள் தெருவில் ஒரு மரம், அக்டோபர் வந்தால் மஞ்சளும் ஆரஞ்சுமாகப் பூத்துக் கொட்டும். இங்கே 'சில்க்கி ஓக்' என்கிறார்கள். இந்தப் பக்கத்துக் காட்டு மரம். வந்த புதிதில் எங்கேயோ பார்த்திருக்கிறோமே என்று ஒரு மாதம் மண்டையைக் குடைந்தேன். நம் தேயிலைக் காட்டு நிழல் மரம், சில்வர் ஓக்! இங்கிருந்து நூறு வருஷத்துக்கு முன்னால் அது மூணாறுக்குப் போனது, நான் அங்கிருந்து இங்கே வந்தேன்.

சரி, தம்பியின் கணக்கு. ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு லிட்டர். எங்கள் வாசல் 93 சதுர மீட்டர். 100 மி.மீ. மழை பெய்கிற நாளில் (மூணாறில் அது செய்தியே இல்லை) 9,300 லிட்டர். சிமெண்ட் போட்டால் இதில் முக்கால்வாசிக்கு மேல் உடனே ஓட வேண்டும். எங்கே ஓடும்? முன்னால் மதில். பக்கத்தில் வீடு. மதில் கட்டுகிற செலவு, ஓட்டின் செலவு, அடுத்த வெள்ளத்தில் மதில் விழுந்தால் அள்ளுகிற செலவு என்று வரிசையாக எழுதினேன். இன்னொரு பக்கம் அவன் பிழைப்பும் இருக்கிறது. அதையும் எழுதினேன். புல்தரையைப் பார்த்து அழகாக இருக்கிறது என்று பிரிஸ்பேனில் உட்கார்ந்து சொல்வது சுலபம். இ.எம்.ஐ. கட்டுவது அவன்.

மூன்றாம் நாள் கூப்பிட்டேன். "டயர் ஓடுற இடத்துக்கு மட்டும் ரெண்டு வரிசை கருங்கல் பதி. நடுவுல புல் இருக்கட்டும். ஆத்துப் பக்கம் மதில் வேண்டாம். கேட் வேணும்னா கம்பி கேட் போடு, அடியில தண்ணி போற மாதிரி. கானை மூடாதே. அதுக்குன்னா முழுப் பணமும் நான் தர்றேன்."

கொஞ்ச நேரம் பேச்சில்லை. அப்புறம் சொன்னான்: "கானை யாருண்ணே வர்ற மே மாசம் வாருறது? இப்ப கூலிக்கு ஆளும் கிடைக்கறதில்ல. அப்பாவுக்கு முட்டி வலி."

பதில் சொல்ல முடியவில்லை. இவ்வளவு கணக்குப் போட்ட நான் அதை மட்டும் கணக்கில் எடுக்கவே இல்லை. மே மாதம் லீவு கிடைக்குமா என்று பார்க்கிறேன் என்று சொல்லி வைத்திருக்கிறேன். பணம் நேற்று அனுப்பியாகிவிட்டது. லீவுக்கும் எழுதிக் கொடுத்திருக்கிறேன். காரணம் என்ற இடத்தில் 'குடும்ப விஷயம்' என்று போட்டேன். கான் வார என்று எழுதினால் மேனேஜருக்குப் புரியவா போகிறது?